108 பீஸ் சாக்கெட் செட் வாங்கப் போறீங்களா... ஒரு நிமிஷம்!

108 என்றால் நமக்கு ராசியான எண். அந்த ராசியை நம்பித்தான் போன ஆடித் தள்ளுபடியில் ஆன்லைனில் ஒரு சாக்கெட் செட் ஆர்டர் போட்டேன். நீல நிறப் பெட்டி. திறந்தால் பளபளவென்று வரிசை கட்டி 108 பீஸ். விலை ஆயிரத்துச் சொச்சம்தான். "இனி ஸ்கூட்டருக்கு நானே ஆயில் மாத்துவேன்" என்று வீட்டில் அறிவித்தும் விட்டேன். அம்மா நம்பவில்லை. அப்பா போட்டோ எடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை. வண்டியை சென்டர் ஸ்டாண்டு போட்டு நிறுத்தி, கீழே ஒரு பழைய பேசினை வைத்தேன். எந்த சாக்கெட் எதற்கு என்று எனக்குத் தெரியாது. ஒவ்வொன்றாக ஆயில் போல்ட்டில் வைத்துப் பார்த்தேன். சிலது உள்ளேயே போகவில்லை. ஒன்று மட்டும் சுலபமாகப் போய் உட்கார்ந்தது. 'இதுதான்' என்று ராட்செட்டை மாட்டி ஒரே அழுத்து.

கிரீச்!

கை வழுக்கி, விரல் முட்டி சிமென்ட் தரையில் உரசி ரத்தம். போல்ட் ஒரு நூல்கூட அசையவில்லை. ஆனால், அதன் ஆறு மூலைகளும் மழுங்கி, தலை உருண்டையாகிப் போயிருந்தது.

வண்டியைத் தள்ளிக்கொண்டு போய் நின்றது கணபதியில் இருக்கும் என் தாய்மாமாவின் பட்டறையில். பைக், ஸ்கூட்டர், தோட்டத்து பம்ப் மோட்டார் எல்லாம் பார்ப்பார். முப்பது வருஷத்துக்கு மேல் அதே தொழில். போல்ட்டைக் குனிந்து பார்த்தவர் திட்டவில்லை. "எந்த சாக்கெட்டைப் போட்ட அம்முணி?" என்று மட்டும் கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"இது 11/16. இஞ்சு சாக்கெட்டு. உன்ற போல்ட்டு 17 மில்லி. அதுவும் பன்னெண்டு மூலை சாக்கெட்டு. நட்டு எப்படிங் கண்ணு நிக்கும்?"

அன்றைக்கு அந்தப் பட்டறையில் மூன்று மணி நேரம் உட்கார்ந்து கற்றுக்கொண்டதுதான் இந்த வாரப் பகுதி. பைக், கார் வைத்திருப்பவர்கள், தோட்டத்தில் மோட்டார் வைத்திருப்பவர்கள், வீட்டுக்கு ஒரு டூல்ஸ் செட் வாங்கலாம் என்று யோசிப்பவர்கள் எல்லோருக்கும் உதவும்.

முதல்ல நம்பரைப் பாருங்க

பட்டறையில் "தம்பி, பத்தாம் நம்பர் எடு" என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். அந்த 10 என்பது போல்ட்டின் தடிமன் இல்லை. நட்டின் ஒரு பட்டையிலிருந்து நேரெதிர் பட்டை வரைக்கும் உள்ள அகலம், 10 மில்லிமீட்டர். பெரும்பாலும் 6 மில்லி தடிமன் உள்ள போல்ட்டின் தலைதான் 10 மில்லி இருக்கும். கடையில் போல்ட் வாங்கும்போது தண்டின் அளவைச் சொல்ல வேண்டும். சாக்கெட் வாங்கும்போது தலையின் அளவைச் சொல்ல வேண்டும். நிறைய பேர் குழம்புவது இங்கேதான்.

அடுத்த குழப்பம், இஞ்சும் மில்லியும். 11/16 இஞ்சு என்பது 17.46 மில்லி. 17 மில்லி போல்ட்டில் அதை மாட்டினால் கிட்டத்தட்ட அரை மில்லி இடைவெளி. கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் அழுத்தும்போது சாக்கெட் சற்றே திரும்பி, நட்டின் பட்டையைப் பிடிக்காமல் மூலையை மட்டும் கடிக்கும். மூலை பிய்ந்துகொண்டு போகும். அதுதான் எனக்கு நடந்தது.

எல்லா இஞ்சு சாக்கெட்டும் இப்படி ஏமாற்றாது. 3/4 இஞ்சு என்பது 19.05 மில்லி, 19 மில்லி நட்டுக்கு அநேகமாகச் சரியாகவே இருக்கும். 7/16 என்பது 11.11 மில்லி, 11-க்குப் பக்கம். ஆனால் 9/16 என்பது 14.29. அதை 14 மில்லி நட்டில் போட்டால் ஆபத்துதான். மாமா சொன்ன சூத்திரம் எளிமையானது.

"சாக்கெட்டை நட்டுல வெச்சு வெறுங்கையில இப்படியும் அப்படியும் ஆட்டிப் பாரு. லொடலொடன்னு ஆடுச்சுன்னா, அது உன்ற சாக்கெட்டு இல்ல."

இந்த இஞ்சுக் குழப்பம் கோவைக்குப் புதிதில்லை. 1888-ல் ஸ்டேன்ஸ் மில் வந்த காலத்திலிருந்து இங்கிலாந்து இயந்திரங்கள் இந்த ஊரில் ஓடியிருக்கின்றன. அந்தக் கால இயந்திரங்களில் இருந்தது விட்வொர்த் மரை. ஜோசப் விட்வொர்த் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் 1841-ல் முன்வைத்த முறை அது. அந்த ஸ்பேனரில் எழுதியிருக்கும் அளவு நட்டின் அகலம் அல்ல, போல்ட் தண்டின் தடிமன்! அதனால் அரை இஞ்சு என்று எழுதிய பழைய விட்வொர்த் ஸ்பேனரும், அரை இஞ்சு என்று எழுதிய இன்றைய சாக்கெட்டும் ஒரே நட்டில் பொருந்தாது. உங்கள் தாத்தா மில்லில் வேலை பார்த்தவர் என்றால், பரண் மேல் இருக்கும் அவருடைய ஸ்பேனரை எடுத்துப் பாருங்கள், புரியும்.

நாடு 1956 சட்டத்துக்குப் பிறகு மெட்ரிக் அளவுக்கு மாறியது. ஆனாலும் ஹார்டுவேர் கடைகளில் இன்றும் "அரை இஞ்சு போல்ட்" என்றுதான் கேட்கிறோம். தோட்டத்துப் பழைய பம்ப் செட், பழைய லேத் என்றால் இஞ்சு நட்டு இருக்கக்கூடும். இன்றைய பைக், கார் என்றால் மில்லிதான்.

மில்லியிலும் ஒரு நுணுக்கம் உண்டு. ஜப்பான் வழியில் வந்த பைக், கார்களில் அடிக்கடி வருவது 8, 10, 12, 14, 17. பம்ப், மோட்டார், மெஷின்களில் அடிக்கடி வருவது 10, 13, 17, 19, 24. ஒரே 8 மில்லி போல்ட்டுக்கு ஒன்றில் தலை 12 மில்லி, இன்னொன்றில் 13 மில்லி. வண்டியும் தோட்டமும் வைத்திருக்கும் வீட்டில் 12, 13 இரண்டுமே வேண்டும். இருப்பதை வைத்துச் சமாளிக்கலாம் என்று 13-ஐ 12-ல் போட்டீர்களானால், என் கதைதான்.

ஆறு மூலையா, பன்னிரண்டு மூலையா?

சாக்கெட்டின் வாயைப் பாருங்கள். உள்ளே ஆறு மூலை இருந்தால் அது ஆறு மூலை சாக்கெட். நட்சத்திரம் போல் பன்னிரண்டு மூலை இருந்தால் அது பன்னிரண்டு மூலை.

பார்ப்பதற்குப் பன்னிரண்டுதான் அழகு. மாட்டுவதும் சுலபம். ஆறு மூலை சாக்கெட்டை 60 டிகிரிக்கு ஒரு முறைதான் நட்டில் உட்கார வைக்க முடியும். பன்னிரண்டு மூலையை 30 டிகிரிக்கு ஒரு முறை வைக்கலாம். கை நுழையாத சந்தில் அது வசதி. ராட்செட் இல்லாமல் வெறும் கைப்பிடியை வைத்துத் திருப்பும்போது இந்த வசதி பெரிசு. ராட்செட் இருந்தால், சாக்கெட்டை நட்டிலிருந்து எடுத்து எடுத்து மாட்டவே வேண்டியதில்லை. அப்புறம் பன்னிரண்டு எதற்கு?

பன்னிரண்டு மூலையின் பலவீனம், அது நட்டின் மூலைக்குப் பக்கத்தில் பிடிக்கிறது. ஆறு மூலை சாக்கெட், பட்டையின் அதிக இடத்தைத் தாங்குகிறது. துரு ஏறிய நட்டு, ஏற்கெனவே கொஞ்சம் தேய்ந்த நட்டு, மட்டமான இரும்பில் செய்த நட்டு என்றால் ஆறு மூலைதான் காப்பாற்றும்.

என் ஸ்கூட்டர் போல்ட்டையும் ஆறு மூலைதான் காப்பாற்றியது. மாமா ஒரு சைஸ் சின்னதாக, 16-ம் நம்பர் ஆறு மூலை சாக்கெட்டை எடுத்து, உருண்டுபோன போல்ட் தலையின் மேல் வைத்துச் சுத்தியலால் பதமாகத் தட்டி இறக்கினார். கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. நீளக் கைப்பிடியை மாட்டி ஒரே சீரான அழுத்து. 'டக்' என்று கழன்றது. புது போல்ட், புது வாஷர். எனக்கு மூச்சு வந்தது.

ஒரு விதிவிலக்கு. சில கார் எஞ்சின்களில் போல்ட்டின் தலையே பன்னிரண்டு மூலையாக இருக்கும். அதற்குப் பன்னிரண்டுதான் வேண்டும். வீட்டு வேலையில் அது வருவது அபூர்வம்.

பின்னாடி இருக்கிற சதுரம்

சாக்கெட்டைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தால் ஒரு சதுரத் துளை. கைப்பிடி மாட்டுகிற இடம். இதைக் கடையில் 'டிரைவ்' என்பார்கள். கால் இஞ்சு, 3/8 இஞ்சு, அரை இஞ்சு, முக்கால் இஞ்சு, ஒரு இஞ்சு என்று வரும். வேடிக்கை என்னவென்றால், முன்பக்கம் மில்லியில் இருக்கும் சாக்கெட்டுக்கும் பின்பக்கச் சதுரத்தை இஞ்சில்தான் சொல்வார்கள்.

பெரிய டிரைவ் என்றால் பலம், அதனால் பெரிசையே வாங்கலாம் என்று நினைப்போம். அது தப்பு. ஒரு சின்னக் கணக்கு போட்டால் புரிந்துவிடும்.

நட்டை இறுக்கும் விசையை நியூட்டன் மீட்டரில் அளப்பார்கள். எவ்வளவு அழுத்துகிறோம், எவ்வளவு நீளக் கைப்பிடியில் அழுத்துகிறோம் என்ற இரண்டையும் பெருக்கினால் வருவது. 10 மில்லி தலை உள்ள சின்ன போல்ட்டுக்குச் சுமார் 10 நியூட்டன் மீட்டர் போதும். கால் மீட்டர் நீளக் கைப்பிடியின் நுனியில் 4 கிலோ எடை அளவுக்கு அழுத்தினாலே அது வந்துவிடும். இரண்டு விரல் போதும்! அதையே அரை இஞ்சு டிரைவில், நீளக் கைப்பிடியில், உடம்பைச் சாய்த்து அழுத்தினால்? போல்ட் இரண்டாக முறியும், இல்லையென்றால் அலுமினியத்தில் இருக்கும் மரை பிய்ந்து வரும். பிறகு லேத் பட்டறைக்கு நடக்க வேண்டியதுதான்.

சின்ன காரின் சக்கர நட்டுக்குப் பொதுவாக 85 முதல் 110 நியூட்டன் மீட்டர் வரை தேவைப்படும். உங்கள் வண்டிக்கு எவ்வளவு என்பது அதோடு வந்த கையேட்டில் இருக்கும். அதே கால் மீட்டர் கைப்பிடியில் 20 கிலோ அழுத்தினாலும் 50-ஐ தாண்டாது. அங்கே அரை இஞ்சு டிரைவும் நீளக் கைப்பிடியும் வேண்டும்.

அதனால் கணக்கு இதுதான். 10 மில்லிக்குக் கீழே நுணுக்கமான வேலை என்றால் கால் இஞ்சு. பைக், ஸ்கூட்டரில் பெரும்பாலான வேலைக்கு 3/8. கார் சக்கரம், பம்ப் அடித்தளம் மாதிரியான முரட்டு வேலைக்கு அரை இஞ்சு. முக்கால், ஒரு இஞ்சு எல்லாம் லாரி வேலைக்கு. நாமக்கல், சங்ககிரி பக்கம் லாரிப் பட்டறைகளிலும், திருச்செங்கோட்டில் போர்வெல் வண்டிகள் நிற்கும் இடங்களிலும் பார்க்கலாம். அங்கே சக்கர நட்டே 30 மில்லிக்கு மேல் போகும்.

ராட்செட் வாங்கும்போது எத்தனை பல் என்று கேளுங்கள். 24 பல் என்றால் ஒவ்வொரு முறையும் கைப்பிடியை 15 டிகிரி நகர்த்த வேண்டும். 72 பல் என்றால் 5 டிகிரி போதும். இடுக்கான இடத்தில் வித்தியாசம் தெரியும். ஆனால், எத்தனை பல் இருந்தாலும் துருப்பிடித்த நட்டை முதல் முறை உடைப்பதற்கு ராட்செட்டைப் பயன்படுத்தாதீர்கள். உள்ளே இருக்கும் பல் தேய்ந்துவிடும். முதல் அழுத்துக்குப் பல் இல்லாத நீளக் கைப்பிடி. கழன்ற பிறகு வேகமாகச் சுற்ற ராட்செட்.

ராட்செட்டின் தலையில் ஒரு பட்டன் இருக்கும். அழுத்தினால் சாக்கெட் தானாகக் கழன்று விழும். அதற்குப் பின்னால் ஒரு கதை. அமெரிக்காவில் சியர்ஸ் கடையில் வேலை பார்த்த பீட்டர் ராபர்ட்ஸ் என்ற இளைஞர், 1960-களில் கண்டுபிடித்தது அந்தப் பட்டன். உரிமைக்காக அவருக்குக் கிடைத்தது 10,000 டாலர். நிறுவனத்துக்குக் கிடைத்த லாபம் அதைவிடப் பல மடங்கு என்று தெரிந்ததும் வழக்கு போட்டார். அது 20 வருஷம் இழுத்து, 1989-ல் 82 லட்சம் டாலருக்கு சமரசமாக முடிந்தது. கதையைச் சொன்னதும், மாமா பட்டறையில் வேலை பழகும் பையன் கையிலிருந்த ராட்செட்டின் பட்டனை நாலைந்து முறை அழுத்திப் பார்த்துக்கொண்டான்.

குட்டையா, நெட்டையா?

சாதாரண சாக்கெட் குட்டையாக இருக்கும். நட்டைத் தாண்டி போல்ட்டின் தண்டு நீட்டிக்கொண்டிருந்தால், குட்டை சாக்கெட் நட்டை எட்டாது. நுனியில் மட்டும் தொத்திக்கொண்டு நிற்கும். அப்போதும் வழுக்கும். அதற்குத்தான் நெட்டை சாக்கெட். கடையில் 'டீப் சாக்கெட்' என்று கேளுங்கள்.

'அப்படியானால் எல்லாமே நெட்டையாக வாங்கிவிடலாமே?' என்று கேட்டேன். "ஆகாதுங் கண்ணு. சந்துக்குள்ள போகாது. அப்பறம், கை நட்டுல இருந்து எட்ட எட்டப் போனா சாக்கெட்டு சாயும்" என்றார். நட்டுக்கு எவ்வளவு பக்கத்தில் கை இருக்கிறதோ அவ்வளவு நேராக அழுத்தலாம்.

ஸ்பார்க் பிளக்குக்குத் தனி நெட்டை சாக்கெட் உண்டு. பீங்கான் உடையாமல் பிளக்கைப் பிடித்துக்கொள்ள உள்ளே ரப்பரோ காந்தமோ இருக்கும். 16 மில்லி, 21 மில்லி இரண்டும் பரவலாக வருபவை. உங்கள் வண்டிக்கு எது என்று கேட்டு வாங்குங்கள். இரண்டும் வேண்டியதில்லை.

வெள்ளை வேற, கருப்பு வேற

இதுவரை சொன்னதில் தப்பு செய்தால் போல்ட் போகும், விரல் முட்டி கிழியும், கொஞ்சம் காசு போகும். இனி சொல்வது அப்படி இல்லை.

மாமாவின் இடது புருவத்துக்கு மேல் ஒரு தழும்பு இருக்கிறது. சின்ன வயதில் "அது என்னங் மாமா?" என்று கேட்கும்போதெல்லாம் "மாடு முட்டுச்சு" என்பார். அன்றைக்குத்தான் உண்மையைச் சொன்னார்.

அவருக்கு அப்போது 19 வயது. சங்ககிரி பக்கம் ஒரு லாரிப் பட்டறையில் ஹெல்பர். சக்கர நட்டு கழற்றும் காற்று கன் புதிதாக வந்திருந்த நேரம். பஞ்சர் கடையில் 'டர்ர்ர்' என்று சத்தம் போடுமே, அதேதான். அதில் மாட்டுகிற சாக்கெட் அன்றைக்குக் கையில் கிடைக்கவில்லை. சீக்கிரம் முடிக்க வேண்டும் என்று, கையால் திருப்பும் பளபள சாக்கெட்டை கன்னில் மாட்டியிருக்கிறார்கள். இரண்டாவது நட்டில் சாக்கெட் வெடித்தது. ஒரு துண்டு தெறித்து வந்து புருவத்துக்கு மேல் அடித்தது.

"ஒரு வெரக்கடை கீழ பட்டிருந்தா இந்தக் கண்ணு இல்ல அம்முணி. வீட்டுல சொன்னா வேலைக்கு அனுப்ப மாட்டாங்கன்னு மாடு முட்டுச்சுன்னு சொன்னேன். அப்படியே பழகிப்போச்சு."

எதனால் வெடிக்கிறது? கையால் திருப்பும் சாக்கெட்டை பெரும்பாலும் குரோம் வெனேடியம் எஃகில் செய்து, மேலே பளபளவென்று குரோம் பூசுவார்கள். சுவர் மெல்லிசாக, உலோகம் கடினமாக இருக்கும். சீரான அழுத்தத்தைத் தாங்கும், அதிர்ச்சியைத் தாங்காது. காற்று கன்னும் பேட்டரி கன்னும் சீராகத் திருப்புவதில்லை. உள்ளே ஒரு சுத்தியல் நொடிக்குப் பல முறை அடித்து அடித்துத்தான் திருப்புகிறது. அந்த அடியில் கடின உலோகம் விரிசல் விட்டுச் சிதறும்.

கன்னுக்கான சாக்கெட் கருப்பாக, மங்கலாக, தடித்த சுவரோடு இருக்கும். குரோம் மாலிப்டினம் எஃகு பரவலாகப் பயன்படும். அடி விழுந்தால் சற்றே நெகிழ்ந்து கொடுக்கும், சட்டென்று உடையாது. கழன்று பறக்காமல் இருக்க, பக்கவாட்டில் பின் போடும் துளையும் பல சாக்கெட்டுகளில் இருக்கும்.

நினைவில் வைக்க எளிது: வெள்ளை கைக்கு, கருப்பு கன்னுக்கு. கருப்பு சாக்கெட்டைக் கையால் திருப்பினால் தப்பில்லை, கொஞ்சம் கனம் அவ்வளவுதான். வெள்ளையை ஒருபோதும் கன்னில் மாட்டக் கூடாது.

இப்போது பேட்டரியில் ஓடும் கன்கள் வீடுகளுக்கே வந்துவிட்டன. ஆன்லைனில் கன் வாங்குகிறோம். வீட்டில் இருக்கும் பளபள சாக்கெட் அதில் கச்சிதமாக மாட்டுகிறது. மாட்டுகிறது என்பதற்காக அது சரியாகிவிடாது. கன் வாங்கினால், கூடவே கருப்பு சாக்கெட்டும் ஒரு பாதுகாப்புக் கண்ணாடியும் வாங்குங்கள். மாமா பட்டறையில் கருப்பு சாக்கெட்டுகள் கன்னுக்குப் பக்கத்தில் தனி ஆணியில் தொங்குகின்றன. அதற்குப் பக்கத்து ஆணியில் கண்ணாடி. கண்ணாடி போடாமல் கன்னைத் தொட்டால் அன்றைக்கு அந்தப் பையனுக்கு வேலை இல்லை.

15 போதும்!

1920-ல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் ஜோசப் ஜான்சன் என்பவருக்கு ஒரு யோசனை வந்தது. அப்போது பல சாக்கெட்டுகள் கைப்பிடியோடு ஒட்டியே வந்தன. சாக்கெட்டையும் கைப்பிடியையும் பிரித்து, மாற்றி மாற்றி மாட்டினால் என்ன? 10 சாக்கெட், 5 கைப்பிடி; இதை வைத்து 50 ஸ்பேனர் வேலையைச் செய்யலாம் என்று விற்றார். அதுதான் 'ஸ்னாப்-ஆன்' நிறுவனத்தின் தொடக்கம்.

அதே 1920-ல்தான் நம்ம ஜி.டி.நாயுடு ஒரு பஸ்ஸை வாங்கி, பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தானே ஓட்ட ஆரம்பித்தார். சின்ன வயதில் ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கி, முழுசாகப் பிரித்துப் போட்டு மறுபடி மாட்டித் தொழில் கற்றுக்கொண்டவர் அவர். 1937-ல் அவரும் பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து உள்நாட்டிலேயே மின் மோட்டார் தயாரித்த ஊர் இது. பிரித்து மாட்டிப் பார்க்கும் பழக்கம் நம் ஊரில் பரம்பரையாக வருவது. அதற்கு 108 பீஸ் தேவைப்பட்டதில்லை.

என் பெட்டியில் இருந்த 108-ஐ மாமா தரையில் கொட்டி எண்ணினார். பாதிக்கு மேல் ஸ்க்ரூ டிரைவர் முனைகள். மீதியில் இஞ்சு சாக்கெட்டுகள் ஒரு பக்கம். ஒரே அளவு இரண்டு மூன்று டிரைவில் திரும்பத் திரும்ப. என் வண்டிக்கும் அப்பாவின் காருக்கும் உண்மையில் வேண்டியதை ஒரு துண்டுச் சீட்டில் எழுதினோம்.

* 3/8 டிரைவில் ஆறு மூலை சாக்கெட்: 8, 10, 12, 13, 14, 17. மொத்தம் 6.
* நெட்டை சாக்கெட்: 10, 13. மொத்தம் 2.
* உங்கள் வண்டிக்குப் பொருந்தும் ஸ்பார்க் பிளக் சாக்கெட்: 1.
* கார் சக்கர நட்டுக்கு அரை இஞ்சு டிரைவில் ஆறு மூலை: 1. காரைப் பொறுத்து 17, 19 அல்லது 21 மில்லி.
* 3/8 ராட்செட் ஒன்று, 3/8 'டி' கைப்பிடி ஒன்று, எக்ஸ்டென்ஷன் குட்டை ஒன்று, நெட்டை ஒன்று, அரை இஞ்சு நீளக் கைப்பிடி ஒன்று. மொத்தம் 5.

கூட்டிப் பாருங்கள். 10 சாக்கெட், 5 கைப்பிடி சாமான். ஜான்சன் நூறு வருஷத்துக்கு முன்னால் விற்ற அதே 15! கார் இல்லாதவர்கள் இரண்டைக் குறைத்துக்கொள்ளலாம். தோட்டத்தில் பம்ப் இருப்பவர்கள் அரை இஞ்சு டிரைவில் 19, 24 இரண்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கடையில் வாங்கும்போது இதையெல்லாம் பாருங்கள். அளவும் எஃகின் வகையும் சாக்கெட்டின் மேல் தெளிவாகப் பொறித்திருக்க வேண்டும். ஸ்டிக்கர் மட்டும் ஒட்டியிருந்தால் வேண்டாம். குரோம் பூச்சு எங்காவது செதில் செதிலாக உரிந்திருந்தால் தள்ளி வையுங்கள். அந்தச் செதில் பிளேடு மாதிரி கையைக் கிழிக்கும். கையில் ஒரு புது நட்டு கொண்டுபோய் மாட்டி ஆட்டிப் பாருங்கள். ஒரே நாளில் 15-ஐயும் வாங்க வேண்டியதில்லை. தனித்தனியாகவும் கிடைக்கும், தேவைப்படும்போது ஒவ்வொன்றாகச் சேருங்கள். பழைய இரும்புக் கடையில் நல்ல பழைய சாக்கெட் கிடைத்தால் வாங்கலாம். ஆனால், வாய்ப்பக்கம் மயிரிழை விரிசல் இருந்தால் இலவசமாகக் கொடுத்தாலும் எடுக்காதீர்கள்.

மாமாவின் நாலு சொல்

1. துருப்பிடித்த நட்டில் முதல் நாள் ராத்திரியே துருநீக்கி எண்ணெய் விட்டு ஊற வையுங்கள். காலையில் எடுத்தவுடன் கழற்றாமல், முதலில் துளி இறுக்குங்கள். துரு உடையும். பிறகு கழற்றுங்கள்.

2. சாக்கெட்டை நட்டின் அடிவரை இறக்கிவிட்டுத்தான் அழுத்த வேண்டும். நட்டைச் சுற்றி மண், பெயின்ட் இருந்தால் முதலில் சுரண்டிவிடுங்கள்.

3. எந்தப் பக்கம் கழலும் என்று யோசியுங்கள். சைக்கிளின் இடது பெடல், சில பழைய லாரிகளின் இடப்பக்கச் சக்கர நட்டு எல்லாம் இடது மரை. வழக்கமான பக்கம் திருப்பினால் இன்னும் இறுகும்.

4. முடிந்தவரை கைப்பிடியைத் தன் பக்கம் இழுங்கள், தள்ளாதீர்கள். வழுக்கினால் இழுத்த கை வெறும் காற்றில் வரும். தள்ளின கை போய் இரும்பில் இடிக்கும். என் விரல் முட்டியைக் கேளுங்கள்.

எல்லாம் சொல்லி முடித்ததும், புது போல்ட்டை மாமா மாட்டுவார் என்று ஒதுங்கி நின்றேன். 17-ம் நம்பர் ஆறு மூலை சாக்கெட்டை என் கையில் வைத்தார். "ஆட்டிப் பாரு" என்றார். ஆடவில்லை. முதலில் கையாலேயே மரையில் ஏற்றி, பிறகு ராட்செட்டால் இறுக்கினேன். "போதும், நிறுத்து" என்று அவர் சொன்ன இடம் நான் நினைத்ததைவிட ரொம்ப முன்னாலேயே இருந்தது.

அந்தச் சாக்கெட் இப்போது என் வண்டி சீட்டுக்கு அடியில் இருக்கிறது. கேட்காமலே மாமா கொடுத்தது. 108 பீஸ் நீலப் பெட்டி வீட்டில் பரண் மேல் இருக்கிறது.

உங்கள் வீட்டு டூல்ஸ் பெட்டியை இன்றைக்கு ஒரு முறை திறந்து பாருங்கள். வெள்ளை எது, கருப்பு எது, இஞ்சு எது, மில்லி எது என்று பிரித்து வையுங்கள். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் அவர்களையும் கூட உட்கார வையுங்கள், நல்ல விளையாட்டு. நட்டு உருண்டுபோன கதை உங்களிடமும் இருந்தால் எழுதி அனுப்புங்கள்.

அடுத்த வாரம்: வெட் கிரைண்டர் சுத்துது, மாவு அரையலையா? பெல்ட்டைப் பார்ப்போம்!